மோசம் நல்லாயிருக்கு

போர்ட் பிளேயரில் அறிவியல் கண்காட்சி நடந்த அன்று எங்கள் மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் நான்கு பேர். நான், என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்த வங்காளிப் பெண், அம்மா, அப்பா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் சயின்ஸ் மேடம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று எங்கள் தீவான லாங் ஐலண்டிலேயே தங்கிவிட்டார். இன்னொருவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில். ஆனாலும் அன்று அந்த ஹாலில் அம்மாவின் மனசில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

காரணம் இதுதான். முதல் பரிசு வாங்கும் குழு மெயின்லாண்டுக்குப் போகும். சென்னையில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு, கப்பலில், அரசாங்கச் செலவில். எங்கள் குழுவில் ஒரு பெண் இருந்ததால் கூடவே ஒரு பெண் துணை போக வேண்டும். ஆபீஸ் பாஷையில் அதற்கு ‘லேடி எஸ்கார்ட்’ என்று பெயர். மேடமால் குழந்தையை விட்டுப் போக முடியாது. வங்காளிப் பெண்ணின் அம்மாவுக்குக் கப்பல் என்று சொன்னாலே குமட்டும். மிச்சம் இருந்தது என் அம்மாதான்.

மேடம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். அவர் தெலுங்குக்காரர். தமிழ் புரியும், பேசினால் பாதி ஹிந்தியாக வரும். அவர் சொல்லி முடிக்கும் வரை அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அங்கேருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸு உண்டா டீச்சர்?”

அம்மா கல்யாணமான கையோடு அப்பாவுடன் கப்பல் ஏறியவள். அதற்குப் பிறகு அந்தக் கப்பல் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. அப்பாவுக்குக் கட்டடங்களில் கம்பி கட்டும் வேலை. எங்கள் தீவில் கட்டடம் ஏது, அதனால் போர்ட் பிளேயரில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை போட்டில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். அம்மாவும் நானும் லாங் ஐலண்டில் ஜெட்டிக்குப் பக்கத்தில், தமிழ் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைனில். வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவோடு அம்மா போனில் பேசுவாள். ஜெட்டியின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதுபோல் கத்திப் பேசுவாள். முகம் பார்த்துப் பேசும் வசதியெல்லாம் அப்போது எங்கள் தீவுக்கு வந்து சேரவில்லை. பேசி முடித்துத் திரும்பி வரும்போது ஒருநாள் சொன்னாள்: “குரலு அப்படியே இருக்கு. மூஞ்சிதான், எங்க அம்மா மூஞ்சியும் அவ மூஞ்சியும் ஒண்ணாக் கலந்து போச்சு.”

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் வானிலைக்கு ‘மோசம்’ என்று பெயர். தினமும் காலையில் அம்மா டீ போடும்போது ரேடியோவில் ஹிந்திச் செய்தி ஓடும். அதன் கடைசியில் மௌசம் வரும். மழை வருமா, காற்று எப்படி, மீன் பிடிக்கப் போகலாமா என்றெல்லாம் சொல்வார்கள். ஹிந்தியில் மௌசம் என்றால் வானிலை. அம்மாவின் காதுக்கு அது மோசம் என்று கேட்டிருக்கிறது. கடைக்குப் போய் வாங்கவும் விற்கவும் வேண்டிய ஹிந்தி அவளுக்கு வந்துவிட்டது. ரேடியோ ஹிந்தி வரவில்லை. அந்த வேகத்தில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் சுத்தத் தமிழாக அவள் காதில் விழுந்தது. தினமும் விழுந்தது.

அதனால் ரேடியோக்காரன் மேல் அவளுக்கு ஒரு கோபம் உண்டு.

“மழையப் போய் மோசம்னு சொல்லுதான் பாரு. இவன கரிசக்காட்டுல கொண்டு விடணும். அங்க ஒரு மழைக்கு என்ன பாடுன்னு அப்பத் தெரியும்.”

அவள் பிறந்த ஊரில் மழை என்பது வந்தால் வாசலுக்கு ஓடி வந்து பார்க்கிற சமாச்சாரம். இங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழை. துணி காயாது, உப்பு கசிந்து ஓடும், சுவரில் பச்சை பூக்கும். ஆனாலும் மழையைப் பற்றி ஒரு குறை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மோசம் என்று சொன்னதெல்லாம் ரேடியோக்காரன்தான். இவள் அந்த வார்த்தையைக் கடன் வாங்கி அவனுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். “மோசம் நல்லாயிருக்கு, குடை வேண்டாம்” என்பாள். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். பள்ளியில் ஹிந்தி பாடத்தில் மௌசம் படித்தேன், வீட்டில் மோசம் பேசினேன். இரண்டும் ஒரே வார்த்தை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டுச் சட்டைக்கும் பள்ளிச் சட்டைக்கும் தனித்தனி ஆணி இருந்த மாதிரி, அவற்றுக்கும் என் தலைக்குள் தனித்தனி இடம் இருந்தது.

அந்த வருடம் மேடம் கொடுத்த தலைப்பு, எங்கள் தீவின் கடும் வானிலையும் மக்களின் அனுபவமும். நானும் அந்த வங்காளிப் பெண்ணும் தேர்வானோம். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கில் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என்னிடம் இருந்தது ஆசை மட்டும்தான். அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். வங்காளி வீடுகள் அவளுக்கு, ராஞ்சிப் பக்கமிருந்து காட்டு வேலைக்கு வந்து தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்களின் வீடுகள் இருவருக்கும் சேர்த்து, தமிழ் லைன் எனக்கு. கேள்விகளை மேடம் இங்கிலீஷில் எழுதித் தந்திருந்தார். அதில் முக்கியமானது, கடந்த வருடம் எத்தனை நாட்கள் வானிலை மோசமாக இருந்தது என்பது. நான் தமிழில் மாற்றும்போது சுருக்கி எழுதினேன்: போன வருசம் எத்தனை நாள் மோசம்?

எங்கள் லைனில் கேட்கப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். ஆம்பளைப் பிள்ளை தனியாகப் போய் வீட்டுப் பொம்பளைகளிடம் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கணிப்பு. முதல் வீட்டு அத்தை என் கேள்வியைக் கேட்டுவிட்டு முழித்தார்.

“எது மோசம்? யாருக்கு மோசம்?”

அம்மா என்னை விலக்கிவிட்டு முன்னால் போனாள். “ஒண்ணுமில்ல மதினி. ரேடியோப் பெட்டியில மோசம் மோசம்னு சொல்லுதான்லா, அது வருசத்துல எத்தன நாளுன்னு கேக்கான்.”

“அது தெனமுந்தான சொல்லுதான்.”

“அப்போ தெனமும்னு எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் அதே விளக்கம், அதே பதில். ஒரு வீட்டில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ரேடியோ போடுவதில்லை என்பதால் ஞாயிறு நீங்கலாக என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் மேடம் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், மக்கள் சொன்னதை மாற்றக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அதுதான் ஆராய்ச்சி. நான் அந்தச் சொல்லை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

நாட்களின் எண்ணிக்கையைச் சார்ட்டில் கம்பம் கம்பமாக வரைந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. வங்காளி வீடுகளுக்குச் சிவப்புக் கம்பம், ராஞ்சி வீடுகளுக்குப் பச்சை, தமிழ் வீடுகளுக்கு நீலம். சிவப்பும் பச்சையும் கீழேயே உட்கார்ந்திருந்தன. நீலம் சார்ட்டின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. அதற்காக இன்னொரு சார்ட்டை வெட்டி மேலே ஒட்ட வேண்டியிருந்தது.

மேடம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “க்யா பாபா, தமிழ் லைனுக்கு மட்டும் தனி மேகமா?” என்றார்.

வங்காளிப் பெண்ணும் நம்பவில்லை. “உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மைதானம்தானே இருக்கிறது” என்று ஹிந்தியில் கேட்டாள். “மழை மைதானத்தில் நின்று திரும்பிப் போய்விடுமா?”

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்திருக்க வேண்டாம். எங்கள் லைன் ஜெட்டியை ஒட்டி இருந்தது. முன்னால் திறந்த கடல், மரம் கிடையாது. மற்ற வீடுகளுக்கு முன்னால் பெரிய பெரிய மரங்கள். ஆகவே காற்று முதலில் எங்கள் மேல் அடித்து, ஓய்ந்து, பிறகுதான் அவர்களிடம் போகிறது. ஒரே தீவில் இரண்டு வானிலை. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகப் பட்டது. மேடம் முகத்திலும் வெளிச்சம் வந்தது. வங்காளிப் பெண் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, தெர்மோகோலில் தீவு செய்து காட்டலாம் என்றதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

அந்த தெர்மோகோல் தீவை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளுக்குள் இனிக்கிறது. நீளவாக்கில் செதுக்கி, பச்சை வண்ணம் அடித்து, ஈர்க்குச்சியில் மரம் நட்டு, தீப்பெட்டிகளில் வீடு செய்தோம். ஒரு மேசை ஃபேனை ஜெட்டிப் பக்கம் வைத்து ஓடவிட்டால் எங்கள் லைனின் தீப்பெட்டிகள் மட்டும் நடுங்கும். மற்றவை மரத்துக்குப் பின்னால் அசையாமல் நிற்கும். வங்காளிப் பெண் தினமும் மாலை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவை ‘மாசி’ என்று கூப்பிடுவாள்.

“நான் என்ன மாசியா பங்குனியா?” என்று அம்மா கேட்டாள். அவர்கள் பாஷையில் மாசி என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள் என்று நான் விளக்கினேன். அம்மா கோந்தைக் கிளறினாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு மட்டும் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

போர்ட் பிளேயருக்குக் கிளம்பும்போது தீவை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட் ஏறினோம். டிக்கெட் பார்ப்பவர் இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார். லாங் ஐலண்ட் என்றாள் வங்காளிப் பெண்.

“அதைக் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதானே” என்றார் அவர். போட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அம்மாவிடம் இன்னொரு பை இருந்தது. எங்கள் கொல்லைப் பாக்கு மரங்களில் பறித்துக் காயவைத்து உரித்த பாக்கு. பெரியம்மா வெற்றிலை போடுவார். பரிசு வாங்கினால் அந்த வாரமே கப்பல் இருக்கலாம், திரும்பி வந்து பாக்கு எடுத்துப் போக நேரம் இருக்காது என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். அந்தப் பையை அவள் கீழே வைக்கவே இல்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையில் ஹாலுக்கு வந்திருந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே என் சார்ட்டை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. கம்பம் தெரியும்.

“ஏலே, இந்த நீலம் என்ன?”

“அது நம்ம லைன், அப்பா.”

“அடியில பேஸ்மட்டம் இல்லாம இவ்வளவு உசரத்துக்குக் கம்பி நிறுத்தினா நிக்குமால?”

நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நடுவர்கள் இரண்டு பேர். எங்கள் மேசைக்கு வந்தபோது நான் ஃபேனைப் போட்டேன். தீப்பெட்டிகள் நடுங்கின. பின்னால் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். மனப்பாடம் செய்திருந்த ஹிந்தியில், ஒரு தீவு, இரண்டு வானிலை என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லி முடித்தேன். முதல் நடுவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். பாக்குப் பையை மார்போடு அணைத்து நின்றாள்.

இரண்டாமவர் மலையாளி. வானிலை சம்பந்தப்பட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார்கள். அவர் ஃபேனைப் பார்க்கவில்லை. நீலக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“நீங்க அந்த லைன்லதானா தாமசம்?”

“தாமசமெல்லாம் இல்ல சார்” என்றாள் அம்மா. “காலையில கதவு தொறக்கும்போதே வந்துட்டோம்.”

மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பது. அவர் சிரித்துவிட்டு, கேள்வியை மாற்றிக் கேட்டார். “அங்கே தினமும் மௌசம் மோசம்தானா, அம்மா?”

இரண்டு வார்த்தைகளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். வீட்டு ஆணியில் இருந்ததும் பள்ளி ஆணியில் இருந்ததும் ஒரே சட்டை. அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அம்மாவிடம் ஒரு பெரிய மனுசன் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். உள்ளதைத்தானே அவள் சொல்வாள்.

“இல்ல சார். எங்க பக்கம் மோசம் நல்லாத்தான் இருக்கு. போன வருசம் போட்டு நின்னது என்னமோ கொஞ்ச நாளுதான். மத்தபடி மழை பெஞ்சுது. மழை நல்லதுதான சார்.”

“அப்போ தினமும்னு சொன்னது?”

“அது ரேடியோக்காரன் சொல்லுதது. மழை பெஞ்சாலும் மோசம்பான், வெயிலடிச்சாலும் மோசம்பான். தெனமும் அவன் வாயில அதுதான்.”

அப்பா சட்டென்று மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். போர்ட் பிளேயரில் பல பாஷைக்காரர்களோடு வேலை பார்க்கிறவர், அவருக்குப் புரிந்துவிட்டது. வங்காளிப் பெண் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டிருந்தாள். மலையாளி நடுவர் சிரிக்கவில்லை. அம்மா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “சரிதான் அம்மா, மழை நல்லதுதான்” என்றார். பிறகு என்னிடம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். “மோனே, இந்த நீலத்தை எடுத்துட்டா மிச்சமெல்லாம் நல்ல வேலை.”

நீலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். அவர்கள் அடுத்த மேசைக்குப் போன பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் லைனின் தீப்பெட்டிகள் காரணமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

முடிவை இங்கிலீஷில் அறிவித்தார்கள். முதல் பரிசு வேறு பள்ளிக்கு. அம்மா எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, “நம்மள எப்பக் கூப்பிடுவாங்க?” என்றாள்.

எங்களையும் கூப்பிட்டார்கள், ஆறுதல் பரிசுக்கு. ஒரு பிளாஸ்டிக் சுவர்க் கடிகாரம்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். வங்காளிப் பெண்ணுக்கு நான் ஹிந்தியில் நடந்ததைச் சொன்னேன். அவள் விக்கல் வரும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தவள், பாதியில் நிறுத்திவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அப்பாவைக் கேட்டாள். “ஏங்க, நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?”

“நீ பேசினது ஒண்ணுதான் அங்க சரியா இருந்துச்சு” என்றார் அப்பா. பிறகு மெதுவாக, மௌசம் என்றால் என்ன, மோசம் என்றால் என்ன என்று பிரித்துச் சொன்னார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஏதோ யோசனையில் இருந்தாள்.

“அப்போ அவன் மழைய மோசம்னு சொல்லவே இல்லையா?”

“இல்ல.”

“அட பாவமே. இத்தன வருசமா அவன வஞ்சுக்கிட்டே இருந்திருக்கேன்.”

அன்று மாலையே வானம் இருண்டது. மறுநாள் லாங் ஐலண்ட் போட் பந்த், ஓடாது என்று ஜெட்டியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மறுநாளும் பந்த். நாங்கள் ஆராய்ச்சி செய்யத் தேடிய கடும் வானிலை, ஆராய்ச்சி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. வங்காளிப் பெண்ணை அவள் மாமா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் போர்ட் பிளேயரிலேயே லம்பா லைன் என்ற பகுதியில் இருந்த அப்பாவின் அறைக்குப் போனோம். கூட வேலை பார்க்கும் இருவர் அந்த அறையில் தங்கியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்தார்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்த அந்த நாட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே அத்தனை நாள் சேர்ந்தாற்போல் இருந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. வேலை நின்றதால் அப்பா வீட்டிலேயே இருந்தார். அவர் வெங்காயம் நறுக்குவார் என்றே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா குறை சொல்வாள், இவர் இன்னும் பொடியாக நறுக்குவார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏர்போர்ட் பக்கத்து மேடு மழையில் கரைந்து தெரியும். விமானம் ஒன்றும் இறங்கவில்லை. ஆறுதல் பரிசுக் கடிகாரம் தண்ணீர்ப் பானை மேல் உட்கார்ந்து சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா பாக்குப் பையைப் பிரித்தாள். அப்பாவின் கூட்டாளிகள் இருவருக்கும் கை நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

“போதும் மதினி, இவ்வளவு எதுக்கு?” என்றார் ஒருவர்.

“வச்சுக்கோங்க தம்பி. இனி இது எங்க போகப் போகுது.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். மிச்சத்தை மூலையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அப்பா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவரைக் காணோம். குடையையும் காணோம். டீக்கடைக்குப் போயிருப்பார் என்று இருந்தோம். மதியம் தாண்டித்தான் வந்தார். குடை உடைந்து ஒரு பக்கம் தொங்கியது. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். சட்டைக்குள் கை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். கவருக்குள் இருந்த காகிதம் மட்டும் நனையவில்லை.

அம்மா அதை வாங்கி நேராக என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். சென்னைக்குக் கப்பல் டிக்கெட். பங்க் வகுப்பு, அதாவது அடுக்குப் படுக்கை. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பள்ளி லீவு விடும் வாரத்தில்.

“வரிசை ரொம்ப நீளம்” என்றார் அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே. “மழைங்கதால பாதிப் பேரு வரல. இல்லாட்டி கெடைச்சிருக்காது.”

“துட்டு ஏது?” என்றாள் அம்மா.

“ஒம் மகன் சார்ட்டுல நீலமா ஒரு கம்பி நிறுத்தியிருந்தாம்லா. அத வித்துட்டேன்.”

அம்மா சிரிக்கவில்லை. மூலைக்குப் போய்ப் பாக்குப் பையை எடுத்து, முடிச்சைப் பிரித்து, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தாள். பிறகு பக்கத்து அறைப் பக்கம் பார்த்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நன்றாக இருக்குமா என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

லீவில் போனோம். கப்பலில் மூன்று நாள் அவள் அந்தப் பங்க்கில் படுக்கவே இல்லை. மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தபடியே வந்தாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பெரியம்மா காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை மற்றவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்க மழையெல்லாம் எப்படிடீ?” என்பது.

“மோசம் நல்லாயிருக்குக்கா” என்றாள் அம்மா.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் விளக்க வாய் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டு, “அது ஒரு பெரிய கதை, வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன்” என்றாள். பாக்குப் பை கைமாறியது.

இப்போது நான் கார் நிக்கோபார் தீவில் ஒரு சின்ன அரசு வேலையில் இருக்கிறேன். வங்காளிப் பெண் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எங்கள் நீலக் கம்பத்தின் கதையைச் சொல்வதாக எழுதியிருந்தாள். அப்பா கம்பி வேலையை விட்டுவிட்டு லாங் ஐலண்டுக்கே வந்துவிட்டார். இன்று எங்கள் லைனில் எல்லோருக்கும் அந்த இரண்டு வார்த்தைகளின் வித்தியாசம் தெரியும். தெரிந்தும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. ராஞ்சிக்காரப் பிள்ளைகள்கூட ஜெட்டியில் நின்று மோசம் அச்சா ஹை என்கிறார்கள்.

வாரக் கடைசியில் நான் போன் செய்வேன். இப்போதெல்லாம் முகம் தெரிகிறது. கப்பல் வருமா, லீவுக்கு வர முடியுமா என்பதுதான் பேச்சு. நான் பழக்கதோஷத்தில் கேட்பேன்: “மோசம் எப்படிம்மா இருக்கு?”

“மோசம் நல்லாயிருக்குய்யா.”

உடனே பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும். அவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். ஒவ்வொரு வாரமும் அதே குரல், அதே வாக்கியம். கப்பல் டிக்கெட், பஸ், பெரியம்மாவுக்கு எடுத்த சேலை, உடைந்த குடை எல்லாவற்றையும் கூட்டி அவர் போட்டு வைத்திருக்கும் கணக்கு அது.

“சொல்லு, நல்லாச் சொல்லு. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஆன செலவு நாலாயிரத்து முந்நூத்தி அறுவது ரூவா.”